சூரியச் சுடர்வெடிப்பும் கொரோனா வளைவுகளின் அலைவும்

சூரியனின் புறமண்டலமாகிய கொரோனாவில் 10 இலட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுடைய மின்துகள்கள், காந்த விசைக்கோடுகளைப் பற்றி வில் போன்ற வளைவுகளாக நிற்கின்றன. 1998 ஜூலை 14-ஆம் நாள் ஒரு சுடர்வெடிப்பு நிகழ்ந்தபொழுது, அருகிலிருந்த வளைவுகள் மீட்டிய தந்தியைப் போலப் பக்கவாட்டில் அசைந்ததை அமெரிக்கத் துணைக்கோளான டிரேஸ் படம்பிடித்தது. ஓர் அலைவுக்கு 4 நிமிடங்களுக்குச் சற்று மேலாயிற்று. சில அலைவுகளிலேயே அசைவு தணியலாயிற்று.

தந்தியின் நீளமும் எடையும் தெரிந்தால், அதிர்விலிருந்து அதன் இழுவிசையைக் கணிக்கலாமன்றோ? அவ்வாறே வளைவின் நீளம், அடர்த்தி, அலைவு நேரம் ஆகியவற்றிலிருந்து காந்தப்புலத்தின் வலிமை கணிக்கப்படுகிறது. நேரடியாக அளத்தற்கரிய இப்புலமே சுடர்வெடிப்புகளுக்கு ஆற்றல் ஊட்டுவது. அவ்வெடிப்புகளோ புவியிற் சிற்றலை வானொலித் தொடர்பைக் குலைப்பவை. மேற்கூறிய நிகழ்ச்சியிலிருந்து கணித்த மதிப்பு ஏறத்தாழ 13 காஸ்; பிழை எல்லை 9 காஸ். அடர்த்தியைத் துல்லியமாக அறியுந்தோறும் இவ்வெல்லை குறுகும்.