குருகு சாட்சி சொல்லுமா? சங்கப் பாட்டை வகுப்பறையில் நடித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

ஒரு பெண் காதலிக்கிறாள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன் இப்போது நாளைத் தள்ளிக்கொண்டே போகிறான். அவன் அவளோடு சேர்ந்த அன்று பக்கத்தில் யாருமே இல்லை. அவன் மட்டும்தான் இருந்தான்; அவனோ கள்வன். நாளைக்கு 'நான் எதுவும் சொல்லலையே' என்று அவன் பேச்சை மாற்றினால் அவள் கதி? அங்கே ஒரு குருகு வேண்டுமானால் இருந்தது. தினைத்தாள் மாதிரி மெலிந்த கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது.

வெப் சீரிஸ் கதை மாதிரி இருக்கிறதா? இது குறுந்தொகையின் 25-வது பாட்டு. கபிலர் எழுதியது. மொத்தம் ஐந்தே அடி.

பள்ளியில் சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு நடைமுறை தெரியும். முதலில் ஆசிரியர் குறிப்பு, பிறகு சொற்பொருள், பிறகு இலக்கணக் குறிப்பு, கடைசியில் உரைநூலில் இருக்கும் பொருளை அப்படியே எழுதிப் பார்த்தல். இது முடிவதற்குள் அந்தப் பெண் வகுப்பைவிட்டே போய்விடுவாள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான ஒரு பிரச்சினை பாடப் புத்தகத்தில் கிடைப்பது கஷ்டம். அதைத்தான் இரண்டு மார்க் கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

பாட்டா, ஸ்கிரிப்டா?

அகப்பாடல்களின் பதிப்பைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். இந்தப் பாட்டு தலைவி கூற்று. திருமணம் தள்ளிப்போகும் நேரத்தில் தலைவி தோழிக்குச் சொல்வது. பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு அது ஒரு மார்க் விடை. நாடகக்காரர் கண்ணுக்கு அது காட்சிக் குறிப்பு. யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது.

இது இன்றைய கண்டுபிடிப்பும் இல்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. எதுகை, மோனையோடு கூற்று, கேட்போர், களன் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது பேசுபவர், கேட்பவர், இடம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு அருஞ்சொற்பொருளை மட்டும் படிப்பது, டிரெய்லரை மியூட்டில் பார்ப்பது மாதிரி.

அதனால் வகுப்பில் நடிப்பதற்கு வேஷம், மைக், ஆண்டு விழா எதுவும் தேவையில்லை. நான்கு மாணவர்கள் போதும். ஒருவர் தலைவி, ஒருவர் தோழி, ஒருவர் குருகு. நான்காவது ஆள் அந்தத் தலைவன். வகுப்பு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான் அவருக்கு வேலை. பாட்டில் அவன் பேசவே மாட்டான்.

முதல் முறை எப்படி வாசித்தாலும் சரி. இரண்டாவது முறைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: இதை அவள் எந்த மனநிலையில் சொல்கிறாள்? இதற்கும் தொல்காப்பியத்திலேயே கருவி இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டு மெய்ப்பாடுகள். அதே ஐந்து அடியை அழுகையோடு சொன்னால் ஏமாந்த பெண் ஒருத்தி தெரிவாள். வெகுளியோடு சொன்னால் 'நான் என்ன செய்ய' என்பது புலம்பலாக இல்லாமல் மிரட்டலாகவே மாறிவிடும். நகையோடு சொல்லிப் பார்த்தால் இன்னும் விசேஷம். இருந்த ஒரே சாட்சிக்கும் மீன் பிடிக்கிற வேலை இருந்தது என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்கிற ஒரு புத்திசாலிப் பெண் வெளியே வருவாள்.

எது சரி? பாட்டு சொல்லவில்லை. வகுப்புதான் வாதாட வேண்டும், பாட்டில் இருக்கும் சொல்லைக் காட்டித்தான் வாதாட வேண்டும் என்பது மட்டும் விதி. 'எனக்கு இப்படித் தோணுது' என்று சொல்லி உட்கார்ந்துவிட முடியாது.

தோழிக்கு ஒரு வரி வசனமும் கிடையாது. ஆனால் அவள் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் பாதிக் காட்சி இருக்கிறது. நம்புகிறாளா, 'நான் அப்பவே சொன்னேனே' என்கிறாளா? தோழி வேஷத்துக்கு வந்தவர் இதை முடிவு செய்யாமல் நிற்க முடியாது.

'வாட்ஸ்அப் சாட் இருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாமே' என்று எவராவது சொல்வார்கள். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: சாட்சி இல்லாத இடத்தில் ஊர் யார் சொல்வதை நம்பும்? அன்றைக்கு யாரை நம்பியது, இன்றைக்கு யாரை நம்புகிறது?

அதே சொல், வேறொரு சபை

கள்வன் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சிலப்பதிகாரத்துக்கு வந்துவிடலாம். அங்கே கோவலனைக் கள்வன் என்று சொல்லித்தான் கொல்கிறார்கள். கண்ணகி வந்து சிலம்பை உடைத்ததும், தானே கள்வன் என்று பாண்டியன் தன் வாயால் ஒப்புக்கொள்கிறான்.

20-வது காதையான வழக்குரை காதையைக் கோர்ட் சீனாக நடிப்பது பல பள்ளிகளில் வழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், பிள்ளைகள் பேசுவது பெரும்பாலும் இளங்கோவின் வரிகளை இல்லை. 1964-ல் வந்த 'பூம்புகார்' படத்தின் பாணியில் இருக்கும் நீளமான வசனங்களை. விரித்த கூந்தல், உருட்டிய விழி, கைத்தட்டல், அவ்வளவுதான். மூலத்தில் அந்த வழக்கு ஆச்சரியமான வேகத்தில் முடிந்துவிடும். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்தால் தெரிந்துவிடும். உடைக்கிறாள், தெரிகிறது.

விவாதம் தொடங்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். சபையில் யார் இல்லை என்று வகுப்பைக் கேட்டுப் பார்க்கலாம். பொய் சொன்ன பொற்கொல்லன் அங்கே இல்லை. வாளை வீசியவன் இல்லை. 16-வது காதைக்குத் திரும்பிப் போனால், அரசன் கட்டளை இட்ட நேரமும் தெரியவரும். ஊடிப் போன அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில், விசாரிக்காமல் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. குற்றப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் எழுதுவது? மதுரையை எரித்ததற்காகக் கண்ணகி பெயரையும் சேர்ப்பதா?

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அடுத்து ஆட்சிக்கு வந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று காப்பியமே சொல்கிறது. தப்பு செய்தது ஒருவன். செத்தது அந்தத் தொழிலைச் செய்த ஆயிரம் பேர். வழக்கை விசாரிக்காமல் ஒரு கோவலனைக் கொன்றது அநீதி என்றால், இது என்ன? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியின் இன்றைய அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேடை எவ்வளவு பெரியது?

இதற்கு இளங்கோவே அளவு தந்திருக்கிறார். மாதவியின் அரங்கேற்று காதையில் வரும் மேடை 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். ஒரு கோல் என்பது 24 விரல். ஒரு விரலுக்கு 2 செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 3.8 மீட்டருக்கு 3.4 மீட்டர். மூன்று வகைத் திரைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. பெஞ்சுகளைத் தள்ளிவிட்டுச் சாக்பீஸால் தரையில் வரைந்தால், அந்த மேடை அநேகமாக வகுப்பறைக்குள்ளேயே அடங்கிவிடும். விரலால் அளக்கச் சொன்னால் கணக்கு வாத்தியாரும் சந்தோஷப்படுவார்.

மார்க் என்னாகும்?

தமிழாசிரியர்களின் தயக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்ஷன் முடிய வேண்டும், 45 நிமிஷப் பீரியடில் ஐம்பது பேர் இருப்பார்கள், பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று புகார் வரும். இன்னொரு பயம் வெளியே சொல்லப்படுவதில்லை. களவு, உடன்போக்கு என்று பாட்டில் இருப்பதை வகுப்பில் வாய்விட்டுப் பேசினால், மறுநாள் பெற்றோர் வந்து நிற்கலாம். சாதி மாறிக் காதலித்ததற்காகப் பிள்ளைகளைக் கொல்கிற செய்தி வரும் மாநிலத்தில் அது சின்னப் பயம் இல்லை. அந்த ஆசிரியருக்குத் தலைமையாசிரியரின் ஆதரவு முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டும்.

மனப்பாடத்துக்கு எதிரான வேலையும் இல்லை இது. நடிக்கிறவருக்குப் பாட்டு மனதில் நிற்காமல் முடியாது. எந்தச் சொல் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்பதோடு சேர்ந்து நிற்கும். காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் பாரதக் கதையை விடிய விடிய ஆடுவது இந்த மாதிரி நினைவின் பலத்தில்தான். ஷேக்ஸ்பியரைப் படிக்க இங்கிலாந்துப் பிள்ளைகளும் திணறுகிறார்கள். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2008-ல் பள்ளிகளுக்காக வெளியிட்ட அறிக்கை, உட்கார்ந்து வாசிப்பதை விட்டு எழுந்து நின்று செய்து பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டது.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது; புணர்ச்சி விதிகளை நடித்துக் காட்டச் சொன்னால் யாருக்கும் நல்லதில்லை. பருவத்துக்கு இரண்டு பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். குறுந்தொகை 25-க்கு ஒரே ஒரு பீரியட் போதும். தலைவி வேஷத்துக்கு உடனே ஆள் கிடைக்காமல் போகலாம். குருகுக்குக் கடைசி பெஞ்சிலிருந்து நாலு கை தூக்கும். பாட்டு முடியும் வரை தலைவி பக்கம் திரும்பாமல், தண்ணீரையே பார்த்தபடி ஒற்றைக் காலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு அப்புறம் தெரியும்.