சொத்தை எழுதும் முன் பராமரிப்பை எழுதுங்கள்

"இருக்கிறப்பவே எழுதிக் கொடுத்துட்டா, பின்னாடி பசங்களுக்குள்ள சண்டை வராது." வீடு, நிலம் வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் இப்படித்தான் யோசிக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பத்திரத்தில் சர்வே எண், நான்கு எல்லை, மின் இணைப்பு எண் வரை கவனமாக எழுதுகிறோம். எழுதிக் கொடுக்கும் அம்மாவை, அப்பாவை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் எழுதுவதில்லை. "பெத்த பிள்ளைகிட்ட போய் கண்டிஷன் போடுறதா?" என்ற தயக்கம்தான் காரணம்.

அந்த ஒரு பத்தி இல்லாததால் பின்னால் எத்தனை சிக்கல் வருகிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்று பார்ப்போம். நீங்கள் 60 வயதைக் கடந்தவராக இருக்கலாம். பெற்றோரைக் கவனிக்கும் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். இருவருக்குமே இது பயன்படும்.

உயிலும் செட்டில்மென்டும் ஒன்றல்ல

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

உயில் என்பது நீங்கள் காலமான பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும் வரை சொத்து உங்களுடையதே. மனம் மாறினால் உயிலை மாற்றி எழுதலாம், ரத்து செய்யலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம் வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்துவிட்டால் பின்னாளில் வரும் சந்தேகங்கள் குறையும்.

தான செட்டில்மென்ட் அப்படி இல்லை. பதிவு செய்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் சொத்து கைமாறிவிடும். "பையன் சரியா கவனிக்கல, திருப்பி எடுத்துக்கிறேன்" என்று நீங்களாகவே ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது.

இடைப்பட்ட வழியும் ஒன்று உண்டு. செட்டில்மென்ட் எழுதும்போதே, உயிருள்ள வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உள்ள உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு ஆயுட்கால அனுபவ உரிமை என்று பெயர். கணவன், மனைவி இருவரில் யார் பின்னால் தனித்து இருந்தாலும் அந்த உரிமை தொடரும்படி எழுதுவது நல்லது.

பிரிவு 23 என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் பிரிவு 23 சொத்து எழுதிக் கொடுத்த பெரியவர்களுக்கான பாதுகாப்பு. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்ய மறுத்தால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும்.

இதில் 'நிபந்தனையோடு' என்ற சொல்தான் முக்கியம். நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டாவிட்டால் பிரிவு 23 பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. பெரியவர்களைக் காக்க வந்த சட்டம் இது, அதைத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொன்னது. அன்பின் காரணமாக எழுதிக் கொடுத்ததே உள்ளடங்கிய நிபந்தனைதான் என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மூதாட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நிபந்தனையை எழுதாமல் விட்டால் தீர்ப்பு எந்தப் பக்கமும் போகலாம் என்பது இதிலிருந்தே தெரிகிறது. 80 வயதில் ஒருவர் அதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டுமா? பத்திரத்தில் நாலு வரி எழுதிவிட்டால் அந்த வாதத்துக்கே இடம் இருக்காது.

பத்திரத்தில் எழுத வேண்டியது

பத்திர எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ இந்தக் கருத்து வரும்படி எழுதச் சொல்லுங்கள்:

"எழுதிக் கொடுப்பவருக்கு ஆயுள் முழுவதும் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், அன்றாடத் துணை ஆகியவற்றை எழுதி வாங்குபவர் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இந்தச் சொத்து எழுதிக் கொடுக்கப்படுகிறது. தவறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23-இன்படி இப்பத்திரத்தை ரத்து செய்யக் கோர எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டு."

இது மாதிரிதான். உங்கள் குடும்ப நிலைமைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். பதிவான பத்திரத்திலேயே நிபந்தனை இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. பிற்பாடு அந்தச் சொத்தை விலைக்கு வாங்க வருபவர் "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது.

நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர் என்றால் உரிய கட்டணம் செலுத்தி சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்யலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

பராமரிப்பு என்றால் எது என்று பேசுங்கள்

"நான் பார்த்துக்கிறேன்ப்பா" என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும்? இன்று மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதும். நாளை இடுப்பு எலும்பு முறிந்தாலோ பக்கவாதம் வந்தாலோ, குளிப்பாட்டவும் கழிப்பறைக்கு அழைத்துப் போகவும் இரவில் கூட இருக்கவும் ஆள் வேண்டும். அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நீளும்.

எல்லோரும் தெம்பாக இருக்கும்போதே ஒரு நாள் உட்கார்ந்து இவற்றைப் பேசிவிடுங்கள்:

• யார் வீட்டில் இருப்பது? அந்த வீட்டில் படி ஏறாமல் போகிற அறையும் கழிப்பறையும் உண்டா?
• கூட இருந்து கவனிப்பது யார்? வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகள் பணமாகத் தரும் பங்கு எவ்வளவு?
• பொறுப்பு முழுவதும் ஒரே மகள் மீதோ ஒரே மருமகள் மீதோ விழுகிறதா? அவருக்கு ஓய்வு நாள் எது?
• வீட்டோடு ஆள் வைத்தால் சம்பளம் எந்த வருமானத்திலிருந்து?
• முதியோர் இல்லம் என்றால், அது பதிவு பெற்றதா? இரவில் செவிலியர் உண்டா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பணக் கணக்கில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. மருத்துவக் காப்பீடு பொதுவாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பு இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் திட்ட விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியது. அதுவும் இப்படித்தான். வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆளின் சம்பளத்துக்கு அதில் வழியில்லை. அந்தத் தொகையைக் குடும்பமே முன்கூட்டி ஒதுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

நினைவு தவறினால் யார் முடிவெடுப்பது?

"பவர் எழுதி வெச்சிருக்கோம், பிரச்சனை இல்ல" என்று இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுத்தவர் சுயநினைவோடும் தெளிந்த மனநிலையோடும் இருக்கும் வரைதான் சாதாரணப் பொது அதிகாரப் பத்திரம் செல்லும். மறதி நோய் முற்றினாலோ கோமா நிலைக்குப் போனாலோ, எந்த நேரத்தில் அது தேவையோ அந்த நேரத்தில் அது பயன்படாது. பிறகு காப்பாளரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

அதனால் முன்னதாகவே சிலவற்றைச் செய்து வையுங்கள். வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில், முழு நம்பிக்கைக்குரியவரோடு கூட்டுக் கணக்காக்கலாம். எல்லாக் கணக்குக்கும் நாமினி இருக்கிறாரா என்று சரிபாருங்கள்.

தேறவே வழியில்லாத இறுதிக் கட்டத்தில் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இதை உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?

மனம் தளர வேண்டாம். வருவாய் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பது இல்லை. தாங்களே போக முடியாதவர்கள் இன்னொருவர் மூலமோ தொண்டு நிறுவனம் மூலமோ மனு அளிக்கலாம்.

சொத்தே எழுதிக் கொடுக்காதவர்களும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரிடம் கேட்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். சட்டப்படி உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். நோட்டீஸ் சார்பு செய்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பராமரிப்பு மனு முடிக்கப்பட வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். உத்தரவில் குறை இருந்தால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். மூத்த குடிமகனைக் கவனிக்கும் பொறுப்பில் உள்ளவர், அவரை முழுவதுமாகக் கைவிடும் நோக்கில் எங்காவது விட்டுச் செல்வது குற்றம். மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கைபேசியில் இன்றே செய்ய நான்கு வேலை

1. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, சட்ட உதவி எண் 15100 இரண்டையும் பெரியவரின் கைபேசியில் பெயர் போட்டுச் சேமியுங்கள்.
2. பத்திரம், பட்டா, ஆதார், மருத்துவச் சீட்டுகளைப் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள்.
3. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சொத்தின் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் எதுவும் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.
4. வங்கி ஓடிபி எண்ணை, கேட்பது சொந்தப் பேரனாகவே இருந்தாலும், எதற்கென்று தெரியாமல் சொல்லாதீர்கள்.

நிபந்தனை எழுதச் சொன்னால் பிள்ளை கோபித்துக்கொள்வானோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ள பிள்ளைக்கு அந்த நாலு வரியால் எந்த நஷ்டமும் இல்லை. கூடப் பிறந்தவர்கள் நாளை கேள்வி கேட்டால், "இந்தப் பொறுப்போடுதான் எனக்கு எழுதினாங்க" என்று காட்ட அவருக்கும் அதுவே ஆதாரம். பத்திரம் பதிவு செய்ய நாள் குறித்திருந்தால், வரைவை ஒரு முறை வாங்கிப் படித்துப் பாருங்கள். அந்தப் பத்தி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.