புள்ளியைக் காத்தல்



நம் பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியை அழுத்திக் குத்தினால் ஓலை துளைபடும் அன்றோ? ஆகவே படிப்பவரே இடமறிந்து புள்ளியைக் கூட்டிப் படிக்கவேண்டும். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இத்தகைய சுவடிகளோடுதான் போராடினார். அச்சு வந்தபின் அத்துன்பம் நீங்கிற்று. நீங்கிய துன்பத்தை நாமே மீண்டும் வரவழைத்துக்கொள்ளக்கூடும் என்பதை என் பிழை ஒன்றால் அறிந்தேன்.

பணி ஓய்வுக்குப்பின், ஒரு பள்ளியின் பழைய ஆண்டு மலரை ஸ்கேனர் என வழங்கும் வருடியிலிட்டுக் கணினியில் ஏற்றினேன். விரைவில் முடிக்கும் ஆசையால் கருவியின் அமைப்புகளைப் பார்த்தேனல்லேன். பின்னர்ப் படித்தபோது ‘பல்’ என்பது ‘பல’ ஆகவும், ‘உள்’ என்பது ‘உள’ ஆகவும் நின்றன. மூலத்தைத் தேடினேன், அதற்குள் கரையான் அரித்துவிட்டது.

குறை எங்கே நேர்ந்தது? வருடி, தாளை நுண்ணிய கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் ஒளியையும் அளக்கிறது. நான் அங்குலத்திற்கு 150 கட்டங்கள் என்று விட்டிருந்தேன். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள மெய்ப்புள்ளிக்கு அவ்வளவில் மூன்று கட்ட அகலமே கிட்டும். 300 என்று வைத்தால் ஆறு கிட்டும். நீளம் அகலம் இரண்டையும் நோக்கினால் இது நான்கு மடங்கு. ஆதலின் நூல்களுக்கு 300 வேண்டும். பொடியெழுத்துக்கு 400 அல்லது 600 நன்று.

அடுத்தது நிறம். கறுப்பு வெள்ளை அமைப்பில் இடைநிலை இல்லை. பழுப்பேறிய தாளில் மங்கிய புள்ளி வெள்ளையென்று தள்ளப்பட்டுவிடும். சாம்பல்நிற அமைப்பிலோ 256 படிகள் உண்டு. மங்கியது மங்கியவாறே பதிவாகும், பின்னர்த் தெளிவாக்கலாம். பதியாததை எங்ஙனம் தெளிவாக்குவது?

மூன்றாவது சுருக்கம். கோப்பின் பருமனைக் குறைக்க, ஒத்த உருவங்களை ஒன்றெனக் கருதி, ஒன்றின் படத்தையே பிற இடங்களிலும் பதிக்கும் முறை ஒன்று உண்டு. 2013-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் இதன் தீங்கை வெளிப்படுத்தினார். கட்டட வரைபடம் ஒன்றின் நகலில், வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளும் 14.13 சதுர மீட்டர் எனக் காட்டப்பட்டிருந்தன. எண்கள் மங்கவில்லை, தெளிவாகவே இருந்தன. மங்கிய எழுத்து தன் குறையைத் தானே சொல்லும். தெளிவான பொய் சொல்லாது. ஆகவே மூலப்படியை இழப்பில்லாத டிஃப் வடிவில் காத்து, பிறர்க்கு வழங்கும் பி.டி.எஃப். படியை அதனின்று எடுத்தல் வேண்டும்.

இனி, படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள். டெசராக்ட் போன்ற எழுத்துணரிகள் தமிழும் படிக்கும். மொழியைத் தமிழ் என்று குறித்து, பக்கத்தைக் கோணலின்றி நேராக்கிக் கொடுக்கவேண்டும். எனினும் படத்தில் இல்லாத புள்ளியை அது நம்பத்தக்கவாறு தராது. ‘பல’ என்பதும் நல்ல தமிழ்ச்சொல்லே. ஆதலால் பிழைதிருத்தியும் வாளா விட்டுவிடும். இறுதிக் காவல் நம் கண்தான்.

எனவே, நூல் முழுவதையும் வருடுமுன் ஒரு பக்கத்தை மட்டும் வருடுங்கள். திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு மெய்யின் தலைமேலும் புள்ளி நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் தொடருங்கள். என் மலரில் விடுபட்ட புள்ளிகளைப் பொருள் நோக்கி இட்டு வருகிறேன். ஆட்பெயர்கள் சிலவற்றில் மட்டும், புள்ளி உண்டா இல்லையா என்று சொல்ல இன்று எவரும் இல்லை.