பல்லச்சு சீ.என்.சீ. சாணைப் பொறிகள்: நுண்ணளவில் வழு குறைக்கப்படுவது எவ்வாறு?



பல்லச்சு சீ.என்.சீ. பொறியின் அனுகூலங்கள் யாவை என்று வினவினால், "வேலை விரைவாக நடைபெறும், ஆட்கள் குறைவாகத் தேவைப்படுவர்" என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. இவ்விடை பிழையன்று. ஆனால் எந்தத் தானியங்கிப் பொறிக்கும் இதனையே எழுதலாம். சாணைப் பொறியொன்றுக்கு ஏன் பல அச்சுகள் தேவைப்படுகின்றன என்பதற்கு முக்கியமான காரணம் வேறு. அதனை விளங்கிக்கொண்டால் இப்பகுதியில் மனனம் செய்ய வேண்டியவை மிகச் சிலவே.

1. சாணையிடல் என்றால் என்ன?

கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுழலும் கல் உலோகத்தைத் தொடும்போது தீப்பொறி பறக்கும். அத்தீப்பொறி ஒவ்வொன்றும் உலோகத்திலிருந்து வெட்டப்பட்ட, வெப்பத்தால் எரியும் ஒரு சிறு துகளாகும். எனவே சாணையிடலும் ஒரு வெட்டும் முறையே. கடைச்சற் பொறியில் ஓர் அலகு வெட்டுகின்றது. சாணைச் சில்லிலோ ஆயிரக்கணக்கான சிறு பருக்கைகள் ஒவ்வொன்றும் ஓர் அலகாகத் தொழிற்படுகின்றன. ஒவ்வொரு பருக்கையும் மிகச் சிறிதளவையே அகற்றுவதால் மேற்பரப்பு அழுத்தமாகவும் அளவு திருத்தமாகவும் அமைகின்றது.

உருக்குப் பாகமொன்று முதலில் கடைந்து உருவாக்கப்படும். பின்னர் வெப்பப் பரிகரிப்பு மூலம் வன்மையாக்கப்படும். அப்போது அது சிறிது வளையவோ அளவில் மாறவோ கூடும். வன்மையாகிவிட்ட அதனைச் சாதாரண அலகால் மீண்டும் வெட்டுவது கடினம். ஆகவேதான் இறுதி அளவுக்குக் கொண்டுவரும் வேலை பெரும்பாலும் சாணைப் பொறியிடம் விடப்படுகின்றது.

டீசல் எஞ்சினின் எரிபொருள் உட்செலுத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊசிக்கும் அதனைத் தாங்கும் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்கிரோமீற்றர் மட்டுமே. (1 மில்லிமீற்றர் = 1000 மைக்கிரோமீற்றர். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர்.) இடைவெளி கூடினால் எரிபொருள் கசியும், குறைந்தால் ஊசி இறுகிவிடும்.

2. வளர்ச்சிப் படிகள்

1891 – எட்வேர்ட் அச்செசன் சிலிக்கன் காபைட்டைச் செயற்கையாகத் தயாரித்தார். இயற்கைக் கல்லில் தங்கியிருந்த நிலை மாறத் தொடங்கியது.
1900 – ஐக்கிய அமெரிக்காவில் சாள்ஸ் நோர்ட்டன் பாரமான உருளைச் சாணைப் பொறியை அமைத்தார். மோட்டார் வாகனச் சுழற்றித் தண்டுகளை விரைவாகச் சாணையிட இவ்வகைப் பொறிகள் வழிசெய்தன.
1952 – ஜோன் பார்சன்ஸ் முன்வைத்த எண்ணக்கருவின் வழியே, மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மூன்று அச்சு எண்சார் கட்டுப்பாட்டுத் துருவற் பொறி இயக்கிக் காட்டப்பட்டது. கட்டளைகள் துளையிட்ட நாடா மூலம் வழங்கப்பட்டன.
1957 – ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரொபர்ட் வென்ரோர்வ், வைரத்துக்கு அடுத்த வன்மையுடைய கனவடிவ போரன் நைத்திரைட்டைத் தொகுத்தார்.
1970களில் – நுண்முறைவழியாக்கி வந்தபின் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது. இன்று கருவிச் சாணைப் பொறிகளுக்குப் பெயர்பெற்ற அன்கா நிறுவனம் 1974இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது.

கவனிக்க: கணினிக் கட்டுப்பாடு துருவற் பொறிக்கும் கடைச்சற் பொறிக்கும் முதலிலும் சாணைப் பொறிக்குப் பின்னருமே பரவியது. துருவும் அலகின் அளவு வேலையின்போது பெரிதும் மாறுவதில்லை. சாணைச் சில்லோ வேலை செய்யச் செய்யத் தேய்ந்து சிறுக்கின்றது. வெட்டும் கருவியின் அளவே மாறிக்கொண்டிருக்கும்போது அதனைக் கட்டுப்படுத்துவது கடினமல்லவா?

3. அச்சுகளை எண்ணும் முறை

நேர்கோட்டு அச்சுகள் மூன்று: எக்ஸ், வை, இசட்.
சுழற்சி அச்சுகள் மூன்று: எக்ஸ் அச்சைச் சுற்றி ஏ, வை அச்சைச் சுற்றி பீ, இசட் அச்சைச் சுற்றி சீ.

கணிதத்தில் கற்ற ஆள்கூறுகளே இங்கும் பயன்படுகின்றன. ஒரு புள்ளியின் இடத்தைக் கூற மூன்று எண்கள் போதும். ஆனால் சில்லு எந்தச் சாய்வில் அப்புள்ளியைத் தொடவேண்டும் என்பதையும் கூறவேண்டுமானால் கோணங்களும் தேவை. மூன்று நேர்கோட்டு அச்சுகளுடன் இரண்டு சுழற்சி அச்சுகள் சேரும்போது அது ஐந்து அச்சுப் பொறியாகும்.

இங்கு ஒரு பொதுவான தவறு நிகழ்கின்றது. சில்லு தன் தண்டில் வேகமாகச் சுழல்வதையும் ஓர் அச்சாகச் சிலர் எண்ணிவிடுவர். நிலை அல்லது கோணம் செய்நிரலால் கட்டுப்படுத்தப்படும் இயக்கமே அச்சு எனக் கொள்ளப்படும். வெறும் வெட்டுச் சுழற்சி அச்சாகாது.

4. கட்டுப்பாடு நடைபெறும் ஒழுங்கு

செய்நிரல் → கட்டுப்படுத்தி → சேர்வோ மோட்டர் → குண்டுத் திருகு → மேசை அல்லது சில்லுத் தலை → அளவிடும் உணரி → மீண்டும் கட்டுப்படுத்தி.

இறுதிப் படியே உயிர்நாடி. உணரி மேசையின் உண்மையான நிலையை அளந்து அறிவிக்க, கட்டுப்படுத்தி அதனைக் கட்டளையுடன் ஒப்பிட்டு வித்தியாசத்தைத் திருத்துகின்றது. இது மூடிய தடக் கட்டுப்பாடு எனப்படும். செய்நிரலில் ஜீ 00 விரைவு நகர்வையும், ஜீ 01 நேர்கோட்டு வெட்டையும், ஜீ 02, ஜீ 03 வட்டவில் நகர்வுகளையும் குறிக்கும்.

5. ஓர் உதாரணம்: துறப்பண அலகு உருவாகும் விதம்

பட்டறைகளில் ட்ரில் பிட் எனப்படும் துறப்பண அலகைக் கையிலெடுத்துப் பாருங்கள். அதன் உடலில் சுருளித் தவாளிப்பும் நுனியில் வெட்டு விளிம்புகளும் உண்டு. தங்குதன் காபைட்டுக் கோலொன்றிலிருந்து இதனை உருவாக்க வைரச் சில்லு பயன்படுகின்றது.

விட்டம் 10 மில்லிமீற்றர், சுருளிக் கோணம் 30 பாகை எனக் கொள்வோம்.
பரிதி = 22/7 × 10 = 31.4 மில்லிமீற்றர்
ஒரு முழுச் சுற்றுக்கான முன்னேற்றம் = 31.4 ÷ தான் 30 = 31.4 ÷ 0.577 = 54.4 மில்லிமீற்றர்

அதாவது கோல் எக்ஸ் திசையில் 54.4 மில்லிமீற்றர் நகரும் நேரத்தில் ஏ அச்சில் சரியாக 360 பாகை சுழலவேண்டும். ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 6.6 பாகை. இவ்விரு இயக்கங்களும் ஒரே கணத்தில் ஒத்திசைய வேண்டும். சில்லும் தவாளிப்பின் கோணத்துக்கேற்பச் சாய்ந்திருக்க வேண்டும். அதற்கு இன்னொரு சுழற்சி அச்சு தேவை. ஆழத்தையும் பக்க நிலையையும் எஞ்சிய இரு நேர்கோட்டு அச்சுகள் கவனிக்கின்றன. தவாளிப்பு முடிந்ததும் கோலைக் கழற்றாமலே நுனியும் சாணையிடப்படும்.

"கழற்றாமலே" என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இடுங்கள். இப்பாடத்தின் மையம் அதுவே. ஒரு பாகத்தைக் கழற்றி மீண்டும் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது முன்பிருந்த அதே இடத்தில் அமர்வதில்லை. மீளப் பிடித்தல் ஒவ்வொன்றிலும் 5 மைக்கிரோமீற்றர் வரை வழு ஏற்படலாம் என வைத்துக்கொள்வோம். நான்கு பக்கங்களை நான்கு பிடிப்புகளில் சாணையிட்டால் மூன்று முறை மீளப் பிடிக்கவேண்டும். வழு 15 மைக்கிரோமீற்றர் வரை கூடிவிடலாம். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 10 மைக்கிரோமீற்றர் எனின், அப்பாகம் கழிவாகும் அபாயம் உண்டு. பொறி எவ்வளவு திருத்தமானதாக இருந்தும் பயனில்லை. ஒரே பிடிப்பில் எல்லாப் பக்கங்களையும் முடித்தால் இந்த வழு தோன்றவே இடமில்லை.

6. எஞ்சும் இரு எதிரிகள்

(அ) தேய்வு
350 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு நிமிடத்துக்கு 1800 சுழற்சிகள், அதாவது செக்கனுக்கு 30 சுழற்சிகள் சுழல்கின்றது எனக் கொள்க.
பரிதிக் கதி = 22/7 × 0.35 × 30 = செக்கனுக்கு 33 மீற்றர்
விட்டம் 280 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும்,
பரிதிக் கதி = 22/7 × 0.28 × 30 = செக்கனுக்கு 26.4 மீற்றர்

கதி குறைந்தால் வெட்டும் தன்மை மாறும். எனவே கட்டுப்படுத்தி சுழற்சியை நிமிடத்துக்கு 2250 ஆக உயர்த்திப் பழைய 33 மீற்றரைப் பேணுகின்றது. எனினும் சில்லுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சக் கதியை ஒருபோதும் மீறலாகாது.

மழுங்கிய சில்லை வைரமுனையால் சீவிக் கூராக்குவர். ஆரையில் 0.02 மில்லிமீற்றர் சீவப்பட்டால், கட்டுப்படுத்தி சில்லை அதேயளவு முன்னே நகர்த்தி ஈடுசெய்கின்றது.

(ஆ) வெப்பம்
உருக்கின் விரிகைத்திறன் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000012. வெப்பநிலை 30 பாகையில் இருக்கும்போது 50 மில்லிமீற்றர் விட்டத்துக்குச் சரியாகச் சாணையிட்ட தண்டு, 20 பாகைக்குக் குளிர்ந்ததும்,
சுருக்கம் = 50 × 0.000012 × 10 = 0.006 மில்லிமீற்றர்

6 மைக்கிரோமீற்றர் குறைந்துவிட்டது! அளவீட்டுக்கான சர்வதேச நியம வெப்பநிலை 20 பாகை செல்சியசு என வரையறுக்கப்பட்டிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். குளிராக்கும் திரவம் பாய்ச்சுதல், அறை வெப்பநிலையைப் பேணுதல், இறுதியில் சில்லை மேலும் உட்செலுத்தாமல் தீப்பொறி ஓயும்வரை ஓடவிடுதல் ஆகியன கையாளப்படுகின்றன.

குறிப்பு: வன்மையாக்கிய உருக்குக்கு வைரச் சில்லைவிடக் கனவடிவ போரன் நைத்திரைட்டுச் சில்லே ஏற்றது. வைரம் காபனால் ஆனது. உயர் வெப்பநிலையில் அது இரும்புடன் தாக்கமுற்றுத் தேயும்.

7. எங்கு பொருந்தாது?

தட்டையான தகடொன்றின் மேற்பரப்பைச் சாணையிட ஐந்து அச்சுகள் வேண்டியதில்லை. சாதாரண மேற்பரப்புச் சாணைப் பொறியே போதும். பல்லச்சுப் பொறியின் விலையும் பராமரிப்புச் செலவும் அதிகம். பயிற்சி பெற்ற செய்நிரலாளர் தேவை. அச்சு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிறு வழுவைக் கொண்டிருக்கும் என்பதால், தேவையின்றி அச்சுகளைக் கூட்டுவதும் நன்றன்று.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: நுண்ணளவுப் பாகங்களின் உற்பத்திக்கு ஐந்து அச்சு சீ.என்.சீ. சாணைப் பொறி பொருத்தமானது என்பதை மூன்று காரணங்களால் விளக்குக.

விடை:
(1) பல பக்கங்களையும் ஒரே பிடிப்பில் முடிப்பதால் மீளப் பிடிக்கும்போது ஏற்படும் வழு நீங்குகின்றது.
(2) நேர்கோட்டு, சுழற்சி இயக்கங்கள் ஒரே நேரத்தில் ஒத்திசைவதால் சுருளித் தவாளிப்பு போன்ற சிக்கலான வடிவங்களை அமைக்கலாம்.
(3) சில்லின் தேய்வைக் கட்டுப்படுத்தி கணித்து ஈடுசெய்வதால் முதற் பாகமும் நூறாவது பாகமும் ஒரே அளவில் அமைகின்றன.

ஒவ்வொரு காரணத்திலும் "ஆல்" என முடியும் பகுதியைக் கவனியுங்கள். அனுகூலத்தை மட்டும் எழுதாது, அது எதனால் கிடைக்கின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "விளக்குக" என்ற சொல் உங்களிடம் கேட்பது அதனையே.

மீட்டற் பயிற்சி: விட்டம் 7 மில்லிமீற்றர், சுருளிக் கோணம் 45 பாகை எனின், ஒரு சுற்றுக்கான முன்னேற்றம் யாது? (விடை: 22 மில்லிமீற்றர்)