இரண்டு கணிப்பொறிகள், ஒரு கம்பி

கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மேலே ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, பாறைகளினூடே இறங்கி இந்தப் பக்கமாகத்தான் சமவெளிக்கு வருகிறது. அங்கே ஒரு வீட்டில் அக்காளுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு மடிக்கணிப்பொறி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடக்காத கற்பனை அல்ல இது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கிய பிறகு, அக்காளும் தம்பியும் அடுத்தடுத்துப் படித்த வீடுகளில் இப்படி இரண்டு சேர்வது இயல்புதானே?

அக்காளின் கணிப்பொறியில் 4 ஜிகாபைட் அளவுக்குப் பாடப் படங்கள் உள்ளன. தம்பிக்கு நாளைக் காலைக்குள் அவை வேண்டும். மலைச்சரிவு செல்பேசி அலையை மறைக்கிறது. பென்டிரைவும் கைவசம் இல்லை. இருப்பது ஒரு நெட்வொர்க் கேபிள். அதன் இரு முனைகளையும் இரு கணிப்பொறிகளில் செருகிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை! கோளாறு எங்கே?

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் உழவர் என்ன செய்வார்? வாய்க்கால் வழியே நடந்து, மடை திறந்திருக்கிறதா, கரை உடைந்திருக்கிறதா என்று இடம் இடமாகப் பார்ப்பார். நாமும் அப்படியே கம்பியிலிருந்து தொடங்குவோம்.

கேபிள் நுழையும் துளையின் அருகே பெரும்பாலும் ஒரு சிறு விளக்கு இருக்கும். அது எரிகிறதா? எரியாவிட்டால், வேறு எந்த அமைப்பையும் தொடாதீர்கள். கோளாறு கம்பியில்தான், அல்லது அது செருகியிருக்கும் இடத்தில்தான். பிளக் 'கிளிக்' என்று பிடித்ததா என்று முதலில் பாருங்கள்.

கேபிளின் உள்ளே 8 மெல்லிய கம்பிகள் 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. வெளி மின் இரைச்சலை அடக்கும் இந்த முறுக்கு, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற யோசனை. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இயங்கும் பழைய கருவிகள் 1, 2ஆம் கம்பிகளில் பேசும்; 3, 6ஆம் கம்பிகளில் கேட்கும். நேர்க்கேபிளால் இரண்டு கணிப்பொறிகளை இணைத்தால் என்ன ஆகும்? இவர் வாயும் அவர் வாயும் எதிரெதிரே, காதும் காதும் எதிரெதிரே! ஆகவே, ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறிய 'குறுக்குக் கேபிள்' தேவைப்பட்டது. ஜிகாபிட் வேகக் கருவிகள் பொதுவாக இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. இரண்டில் ஒன்று அத்தகையதாக இருந்தாலே போதும்.

(கேபிள் இல்லையே என்று, இருபுறமும் ஒரே தட்டைப் பிளக் உள்ள சாதாரண யூஎஸ்பி கம்பியால் இரண்டையும் இணைத்துவிடாதீர்கள். இரு பக்கமும் 5 வோல்ட் தரும், கருவி கெடலாம்.)

விளக்கு எரிகிறது, ஆனாலும் ஒன்றையொன்று காணவில்லை. இப்போது முகவரியைப் பாருங்கள். முகவரி வழங்க ரூட்டர் இல்லாதபோது விண்டோஸ் கணிப்பொறி தானே 169.254 என்று தொடங்கும் எண்ணைச் சூட்டிக்கொள்கிறது. பலர் இதைக் கண்டதும் கோளாறு என்று அஞ்சுகிறார்கள். இரண்டிலும் இப்படியே இருந்தால் அவை தாராளமாகப் பேசும்! ஒன்றில் மட்டும் யாரோ முன்பு வேறு எண்ணை எழுதி வைத்திருந்தால்தான் தொல்லை. ஐயமிருந்தால் நாமே எழுதிவிடலாம்: ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. 'கேட்வே' கட்டம் காலியாகவே இருக்கட்டும். வைஃபையை நிறுத்திவிடுங்கள், தகவல் வேறு வழியில் போய்விடக் கூடாதல்லவா?

அடுத்து 'பிங்' என்ற கட்டளை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கியின் சோனார் போல ஓர் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அக்காளின் கணிப்பொறியிலிருந்து தம்பியின் எண்ணுக்குப் பிங் அனுப்புங்கள். பதில் வராதபோது என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். இங்கேதான் துப்பு இருக்கிறது. இன்றைய விண்டோஸில் 'அந்த முகவரியை அடைய முடியவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், அந்த எண்ணுடன் கம்பியில் எவரும் இல்லை. முகவரி தவறு, அல்லது கம்பி தவறு. 'நேரம் கடந்தது' என்று வந்தால், மறுமுனையில் ஆள் இருக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. பெரும்பாலும் ஃபயர்வால் என்னும் காவல் நிரல்தான் காரணம்.

தம்பிக்குப் பதில் கிடைத்து, அக்காளுக்குக் கிடைக்காவிட்டால்? கம்பி நன்றாக இருக்கிறது. தம்பியின் கணிப்பொறியில்தான் காவல் கடுமை. முகம் தெரியாத இணைப்பை விண்டோஸ் 'பொது' இடமாகக் கருதிக் கதவைச் சாத்துகிறது. அதைத் 'தனி' என்று மாற்றி, கோப்புப் பகிர்வை அனுமதியுங்கள். ஃபயர்வாலை அடியோடு அணைப்பது எனக்குப் பிடிக்காத வைத்தியம். அப்படியே மறந்துபோகிறார்கள்!

பிங் பதில் தருகிறது. கோப்புறை மட்டும் திறக்கவில்லையா? பகிரும் கணிப்பொறியின் பயனர் கணக்குக்குக் கடவுச்சொல் உண்டா என்று பாருங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் வழக்கமாகக் கம்பி வழியே உள்ளே விடுவதில்லை.

இனி வேகத்தைக் கணக்கிடலாம். 4 ஜிகாபைட் என்பது 32 ஜிகாபிட். 100 மெகாபிட் வேகத்தில் 320 விநாடி. நடைமுறையில் 6 நிமிடம். ஜிகாபிட் என்றால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல், வட்டு ஈடுகொடுத்தால். இரண்டும் ஜிகாபிட் கருவிகளாக இருந்தும் 6 நிமிடம் ஆகிறதா? நீலம், பழுப்பு ஜோடிகளில் ஏதாவது ஒரு கம்பி பிளக்கினுள் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு அந்த ஜோடிகள் தேவையில்லை. ஜிகாபிட்டுக்கோ நான்கு ஜோடிகளும் வேண்டும்.