எழில்: தமிழ் பேசும் இன்ஜின்

இன்ஜின் என்றதும் மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். இது டீசல் குடிக்காத இன்ஜின்! நாம் எழுதும் நிரலைச் சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணம் பார்த்து, கம்ப்யூட்டரை வேலை வாங்கும் மென்பொருள். முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009-ல் கட்டுரையும் வெளியிட்ட 'எழில்' மொழியின் இன்ஜின் பைத்தானில் எழுதப்பட்டது.

ஆங்கில வார்த்தைக்குப் பதில் தமிழ் வார்த்தையை மாட்டினால் போதாதான்னு கேட்பீங்க. போதாது! ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னால் வரும். நாமோ 'மழை பெய்தால்' என்று கடைசியில்தான் நிபந்தனை போடுவோம். அதனால் எழிலில்,

@(மதிப்பெண் >= 40) ஆனால்

என்று எழுத வேண்டும். நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே.

எழுத்து எண்ணுவது இன்னொரு தலைவலி. 'திருநெல்வேலி' நமக்கு 6 எழுத்து; பைத்தானிடம் நீளம் கேட்டால் 12 என்கிறது! யூனிகோடில் 'தி' என்பது 'த' ஒன்று, கொக்கி ஒன்று. 'ல்' புள்ளிக்கும் தனிக் கணக்கு. சரியாக எண்ணித் தர 'ஓப்பன்-தமிழ்' என்ற நூலகம் இருக்கிறது.

வேலைக்கான இன்டர்வியூவில் எழிலைக் கேட்க மாட்டார்கள், சி, ஜாவாதான். ஆனாலும் தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு லூப் என்பது எழிலின் 'வரை'யைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறிச்சு.

மூலநிரல் ஜி.பி.எல். உரிமத்தில் இணையத்தில் கிடக்கிறது. யாரும் பிரிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமத்தில் பகிரலாம். வேணும்னே தப்பா ஒரு நிரல் எழுதி, இன்ஜின் சொல்லும் பிழைச்செய்தி முதலாண்டுத் தம்பிக்குப் புரியுதான்னு பார்ப்பதே முதல் வேலை. சனிக்கிழமை மத்தியானம் லேபுக்கு வாரியளா?