‘கேன் சேர்!’ – மாத்தளை பேசும் ஆங்கிலம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் பலாபத்வெல பக்கம் வந்துவிட்டால் வாசனைத் திரவியத் தோட்டங்கள் ஆரம்பமாகிவிடும். வேன் நின்றதும் கையில் கறுவாப்பட்டையோடு வழிகாட்டி வந்து நிற்பார். மிளகுக் கொடி, ஏலச்செடி, சாதிக்காய் மரம், வனிலா எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய மேசைக்குக் கூட்டிப் போவார். அங்கே அவருடைய ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் ஓயாமல் உழைக்கும்: கேன். இந்த எண்ணெய் முடி வளர்க்கும், அந்தத் தைலம் மூட்டுவலி போக்கும், இதைத் தடவினால் நுளம்பு அண்டாது. எல்லாவற்றுக்கும் கேன்தான். லண்டனிலிருந்து வந்தவர் தன் ஊர்க் கடையில் இப்படிப்பட்ட போத்தலை எடுத்தால் லேபிளில் பெரும்பாலும் ‘மே ஹெல்ப்’ என்றுதான் இருக்கும். உதவினாலும் உதவலாம், அவ்வளவுதான். இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வழிகாட்டியின் கமிஷன் இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

‘கேன்’ இங்கே தனியாகவும் நிற்கும். “சிகிரியா, பின்னேரம் போய் வர, கேன்?” என்று கேட்டால் திரீவீல்காரர் “கேன் சேர்!” என்பார். சிங்களத்தில் ‘புளுவன்த?’ என்று கேட்டு ‘புளுவன்’ என்று பதில் வாங்குகிறோம். டவுன் முஸ்லிம் கடைகளில் ‘ஏலுமா?’ ‘ஏலும்.’ தோட்டத் தொழிலாளர் லயத்தில் ‘முடியுமா?’ ‘முடியும்.’ மூன்று பேச்சிலும் அந்தச் சொல் ஒற்றையாக நிற்கப் பழகியது. ஆங்கிலத்துக்கு மட்டும் ‘யெஸ், ஐ கேன்’ என்று ஆளும் கூடவே வர வேண்டும். இதைப் பிழை என்று சிவப்பு மையில் சுழிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பயணி ஏறிவிட்டார், விலையும் பேசியாயிற்று, என்னைக் கேட்டால் அதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

உண்மையான சிக்கல் சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் வரும். உச்சிக்குச் சுமார் 1,200 படிகள். அண்ணாந்து பார்த்த அமெரிக்கப் பாட்டி ஏதோ சொல்கிறார். ஏறுவேன் என்கிறாரா, முடியாது என்கிறாரா? நம் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரித்தானிய வழக்கு: ‘கேன்’, ‘கான்ட்’. நெடில் வந்தால் முடியாது. அமெரிக்கர் வாயில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே உயிரொலி, கடைசி ‘ட்’டும் பாதி விழுங்கப்படும். பழகிய வழிகாட்டிகள் ஒலியை விட்டுவிட்டு அழுத்தத்தைக் கவனிப்பார்கள். சொல் அவசரமாக ‘க்ன்’ என்று நழுவி அடுத்த வினைக்குத் தாவினால் ஏறப்போகிறார். நிறுத்தி, அழுத்தி, முழுசாகக் ‘கேன்’ என்று கேட்டால் பெரும்பாலும் அது ‘முடியாது’. நாமோ எல்லாச் சொல்லையும் ஒரே பலத்தோடு சொல்லிப் பழகியவர்கள். அதனால் நாம் சொல்லும் ‘ஐ கேன் கம்’ அவர்கள் காதில் ‘வர மாட்டேன்’ என்று விழுந்துவிடவும் கூடும்.

இந்த ஊரில் ஆங்கிலமும் தமிழும் சந்தித்த வழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அவர்களை மேய்க்க வந்த துரைமார் தமிழ் கற்க வேண்டியிருந்தது. கொழும்பில் ஃபெர்குசன் நிறுவனம் சின்னத்துரைகளுக்காக வெளியிட்ட கையடக்கத் தமிழ் வழிகாட்டியின் பெயர் ‘இங்கே வா’. பெயரே போதும். ஏவுகிறவனுக்கு ஏவல் வினை இருந்தால் காரியம் நடந்துவிடும். முடியுமா, கூடுமா, செய்யலாமா என்பதெல்லாம் கேட்கிறவன் பாடு. இன்றைக்கும் பள்ளிக்கூட வாசலில் ‘மே ஐ கம் இன் டீச்சர்?’ என்று பிள்ளைகள் ராகம் போடுவதைக் கேட்கலாம். இங்கிலாந்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘கேன் ஐ’ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடும். 1961ஆம் ஆண்டு அச்சான ஆங்கிலத்தையும் 1991ஆம் ஆண்டினதையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷல்’ மூன்றும் தேய்ந்து வருவதையும் ‘கேன்’ அசையாமல் நிற்பதையும் கண்டார்கள்.

டியூஷன் வகுப்புகளில் இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: கேன் என்றால் ‘முடியும்’, மே என்றால் ‘லாம்’. சாதாரண தரப் பரீட்சைக்கு அது போதும். ரிவஸ்டன் மலைக்குப் போகும் வீதியில் நின்று பார்த்தால் போதாது.

ரத்தோட்டை தாண்டி அந்த வீதி நக்கிள்ஸ் மலைக்குள் ஏறுகிறது. அங்கே மத்தியானத்திலும் மூடுபனி இறங்கும். இந்த ‘இறங்கும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? பள்ளிக்கூட இலக்கணம் அதை எதிர்காலம் என்று எழுதி வைத்திருக்கிறது. அதனால் மாணவன் ‘வில்’ போடுவான். படித்த வெள்ளைக்காரர் ஒவ்வொரு நாள் மத்தியானமும் பனி தவறாமல் வரும் என்று நினைத்துக்கொள்வார். சொல்ல வந்தது அதுவல்ல. அந்த இடத்தின் குணம் அப்படி, எப்போதாவது இறங்கிவிடும். அதற்கு ஆங்கிலத்தில் ‘கேன்’. ‘இன்றைக்கு மூடுபனி இறங்கலாம், லைட் போட்டு ஓட்டுங்க’ என்பது வேறு சங்கதி. அது இன்றைய நாளைப் பற்றிய ஊகம், அதற்குத்தான் ‘மே’ அல்லது ‘மைட்’. ஜெஃப்ரி லீச் என்ற ஆங்கில இலக்கண அறிஞர் இந்த இரண்டையும் கோட்பாட்டளவில் இயலக்கூடியது, நடப்பில் நேரக்கூடியது என்று பிரித்தார். நம் லயத்துப் பாட்டி எந்த அறிஞரையும் படிக்காமலே ‘பெய்யும்’, ‘பெய்யலாம்’ என்று பிரித்து வைத்திருக்கிறாள். பாடப்புத்தகம்தான் அந்த ‘உம்’மைக் கண்டுகொள்ளவில்லை.

கடந்த காலத்திலும் இதே எதிர்கால வடிவம் வந்து நிற்கும். ‘அந்தக் காலத்தில தாத்தா ஒரு மூட்டை கொழுந்தைத் தனியாவே தூக்கிருவாரு.’ இது ‘கேன்’னின் இறந்த கால வடிவமான ‘குட்’. ஆனால் ‘நேற்று ஒரு வழியாக பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது’ என்பதற்கு ‘குட்’ போட்டால் ஆங்கிலேயர் முகம் சுருங்கும். ஒரே ஒரு தடவை சாதித்ததற்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ வேண்டும். பிடிக்க முடியவில்லை என்றால் மட்டும் ‘குடன்ட்’ தாராளமாக வரும். ஏன் இப்படி என்று கேட்டால் அவர்களும் தலையைச் சொறிவார்கள். ‘குட்’ என்ற சொல்லின் நடுவில் எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடும் ‘எல்’லே இரவல்தான். பழைய ஆங்கிலத்தில் அது கிடையாது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் இருப்பதைப் பார்த்து இதிலும் செருகிவிட்டார்கள்.

வேரைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. ‘கேன்’ முதலில் ‘அறிதல்’ என்ற பொருளில் இருந்தது. பலம் உண்டு, ஆற்றல் உண்டு என்ற பொருள் அப்போது ‘மே’யிடம் இருந்தது. பிறகு ‘கேன்’ அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ள, ‘மே’ அனுமதிக்கும் ஊகத்துக்கும் ஒதுங்கியது. அந்தப் பழைய பொருளை நினைவூட்டுவதுபோல, ‘கேன் யூ ஸ்விம்?’ என்று கேட்டால் நாம் ‘நீந்த முடியுமா?’ என்று மொழிபெயர்ப்பதில்லை, ‘நீந்தத் தெரியுமா?’ என்கிறோம். வளைகுடா வேலைக்கு நேர்முகம் போகிற பிள்ளை ‘கேன் யூ டிரைவ்?’ என்ற கேள்விக்குத் திணறாமல் இருக்க, அங்கே ‘தெரியுமா’ என்று காதில் வாங்கிக்கொள்வதுதான் வழி. தம்புள்ளைக் கற்கோயிலில் நின்று ‘கேன் யூ ஸீ சிகிரியா?’ என்று கேட்டாலும் அப்படியே. தமிழில் ‘தெரியுதா?’ என்ற ஒற்றைச் சொல் போதும்.

‘முடியாது’ என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நமக்கு அது இயலாமையும் ஆகும், மறுப்பும் ஆகும். ‘முடியாதுன்னா முடியாது’ என்று யாரும் தன் பலவீனத்தைச் சொல்வதில்லை. ஆங்கிலக் ‘கான்ட்’ அப்படி நெஞ்சை நிமிர்த்தாது. ஏதோ தடை இருக்கிறது, மன்னியுங்கள் என்ற குழைவோடு வரும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல நினைத்து ‘கான்ட் கம்’ என்றால் மேலாளர் ‘ஏன், வீட்டில் யாருக்கும் சுகமில்லையா?’ என்று விசாரிப்பார்.

ஊகச் சொற்கள் உயிரைத் தொடும் இடம் ஒன்று இந்த மாவட்டத்தில் உண்டு. மழைக் காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் ரத்தோட்டை, உக்குவெல, லக்கல, அம்பன்கங்க கோறளை என்று பெயர்கள் வரும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். உலக அளவில் காலநிலை விஞ்ஞானிகள் ‘லைக்லி’ என்று எழுதினால் அதற்கு 66 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வானிலை அறிவிப்பிலோ ‘மழை பெய்யக்கூடிய சாத்தியம் காணப்படுகின்றது’ என்பது வருடம் முழுக்க ஒரே தொனி. ‘கூடிய’ என்றாலே சாத்தியம்தான். அதற்கு மேல் ‘சாத்தியம்’, அதற்கும் மேல் ‘காணப்படுகின்றது’.

‘இந்த மலை சரியும்’ என்பது நிலத்தின் குணம். அபாய வரைபடம் சொல்வது அது. ‘இன்றிரவு சரியலாம்’ என்பது அன்றைய எச்சரிக்கை. ஆங்கிலத்தில் முன்னது ‘கேன்’, பின்னது ‘மே’. தமிழ் அறிக்கையில் இரண்டும் ‘மண்சரிவு ஏற்படக்கூடிய அபாயம்’ என்ற ஒரே தொடருக்குள் போய்விடுகின்றன. சரியும் மலையில் பரம்பரையாகக் குடியிருப்பவர்களுக்கு அது புதிய செய்தி இல்லை, கேட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். “இன்னைக்கு ராவு சரியலாம், புள்ளைங்கள கூட்டிக்கிட்டு இப்பவே ஸ்கூலுக்குப் போங்க” என்று கோயில் ஒலிபெருக்கியில் யாராவது திருப்பிச் சொன்னால்தான் லயம் எழும்பும்.